தோல் புற்றுநோய் அறுவைக்கு முன் ஒரு குழுச் சந்திப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயாப்சி (நோயை அறியத் தோலில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்த பிறகு, அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன், "உங்களைப் போன்ற ஏழெட்டுப் பேருடன் சேர்ந்து ஒரு சந்திப்புக்கு வாருங்கள்" என்று அழைத்தால் பெரும்பாலானோர் முதலில் முகம் சுளிக்கிறார்கள். இத்தகைய சந்திப்புகளை நடத்தும் செவிலியர்களில் நானும் ஒருத்தி. தொலைபேசியிலும், கூடத்தின் வாசலிலும், எல்லாம் முடிந்து கிளம்பும்போது தாழ்ந்த குரலிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. உங்களை நேரில் பரிசோதித்த மருத்துவர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

குழுச் சந்திப்பில் என்னதான் நடக்கும்?

ஒரே வகை சிகிச்சைக்குக் காத்திருக்கும் சிலர், பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு பேர் வரை, ஓர் அறையில் ஒன்றரை மணி நேரம் போல உட்கார்கிறார்கள். அறுவை செய்யப்போகும் மருத்துவரும், ஒரு செவிலியரும், சில இடங்களில் பேச்சை நெறிப்படுத்த இன்னொருவரும் இருப்பார்கள். கூட்டம் தொடங்கும் முன்னரே ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து ரத்த அழுத்தம் பார்ப்போம், மாத்திரைப் பட்டியலைச் சரிபார்ப்போம், ஒவ்வாமை உண்டா என்று கேட்போம். பிறகு மருத்துவர் நோயையும் அறுவையையும் விளக்குவார். கேள்விகள் தொடங்கும். முடிவில் ஒவ்வொருவராகத் தனியறையில் மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

இதைச் சொற்பொழிவு என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். மருத்துவர் பேசுவது பாதி நேரம்கூட இருக்காது.

இது செலவைக் குறைக்க இப்போது கண்டுபிடித்த வழியா?

இப்போது கண்டுபிடித்ததல்ல. ஜோசப் பிராட் என்ற மருத்துவர் 1905-இல் பாஸ்டன் நகரில் காசநோயாளிகளைக் கூட்டி வாராந்திர வகுப்பு நடத்தினார். காசநோய்க்கு அன்று மருந்து கிடையாது. ஓய்வு, உணவு, நல்ல காற்று ஆகியவற்றை வீட்டில் ஒழுங்காகக் கடைப்பிடிப்பது எப்படி என்பதுதான் பாடம். நோயாளிகள் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டது அந்த வகுப்பில் அவர் கண்ட கூடுதல் பலன். 1990-களில் கலிபோர்னியாவில் எட்வர்ட் நோஃப்சிங்கர் என்ற உளவியலாளர் இதே எண்ணத்தை மருத்துவரின் அன்றாடச் சந்திப்போடு இணைத்து ஒரு முறையாக வகுத்தார். இன்று நீரிழிவு, இதயச் செயலிழப்பு, மகப்பேறு என்று பல துறைகளில் இது நடக்கிறது.

செலவு என்றும் கேட்டீர்கள். மருத்துவரின் நேரம் மிச்சமாகிறது என்பது உண்மைதான், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. எட்டுப் பேருக்கு எட்டு முறை சொல்லவேண்டியதை ஒருமுறை சொல்கிறார். ஆனால் தனிச் சந்திப்பில் பதினைந்து நிமிடம் கிடைக்கும் இடத்தில் இங்கே உங்கள் காதில் தொண்ணூறு நிமிடப் பேச்சு விழுகிறது. அறுவைக்கான காத்திருப்புப் பட்டியலும் கொஞ்சம் வேகமாக நகர்கிறது.

தோல் புற்றுநோய்க்கு ஏன் இது பொருந்துகிறது?

தோல் புற்றுநோய்களில் மிகப் பெரும்பான்மை மேல்தோலின் அடியடுக்கில் தொடங்கும் பேசல் செல் வகையும், அதற்கு மேலுள்ள தட்டைச் செல்களில் தொடங்கும் ஸ்குவாமஸ் செல் வகையும்தான். இரண்டுக்கும் அறுவையே முதன்மையான சிகிச்சை. பெரும்பாலான அறுவைகள் மயக்கம் கொடுக்காமல், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து நடக்கின்றன. அதே நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். முன்தயாரிப்பும் பின்கவனிப்பும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றே. எட்டுப் பேரில் ஏழு பேர் ஒரே பத்துக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

எட்டாமவர் கேட்பதுதான் எனக்கு முக்கியம். "மூக்கில் வெட்டினால் கண் வீங்குமா?" என்று ஒருவர் கேட்பார். வீங்கும். மூக்கிலோ நெற்றியிலோ அறுவை நடந்தால் மறுநாள் கண்களைச் சுற்றிக் கன்றிப்போய், ஒரு கண் மூடிக்கொள்ளக்கூட வாய்ப்புண்டு. தானாகச் சரியாகிவிடும். இது தெரியாமல் நள்ளிரவில் பதறிப்போய் அழைத்தவர்கள் பலர். தனிச் சந்திப்பில் அவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

என் புண்ணை எல்லோர் முன்னிலையிலும் காட்டவேண்டுமா?

வேண்டாம். பரிசோதனை தனியறையில்தான். முகத்தில் இருப்பதை மறைக்க முடியாது, அது வேறு. பலர் தாமாகவே, "இதோ பாருங்கள், எனக்கு இங்கே" என்று காட்டத் தொடங்கிவிடுவார்கள். அது அவர்கள் விருப்பம்.

நான் சொல்வது வெளியே போகாது என்பதற்கு என்ன உறுதி?

நோயாளிகளும் துணைக்கு வருபவர்களும் தொடக்கத்திலேயே ஓர் உறுதிமொழியில் கையெழுத்திடுகிறார்கள்: இங்கே கேட்ட எவருடைய உடல்நிலையையும் வெளியே பேசமாட்டேன் என்று. மருத்துவக் குழுவைத் தொழில்முறை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. பக்கத்து நாற்காலிக்காரரைக் கட்டுப்படுத்துவது அவருடைய சொல் மட்டுமே. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது என் வழக்கம். எச்.ஐ.வி., மனநலச் சிகிச்சை, குடிப்பழக்கம் போன்றவற்றைக் கூட்டத்தில் சொல்லத் தேவையே இல்லை. ஆனால் தனியறையில் மறைக்காதீர்கள், ஏனென்றால் அவற்றில் சில அறுவையைப் பாதிக்கும்.

பயாப்சி எடுத்த இடம் ஆறிவிட்டது. ஒன்றுமே தெரியவில்லை. இன்னும் அறுவை தேவையா?

ஏறக்குறைய ஒவ்வொரு கூட்டத்திலும் இதைக் கேட்கிறார்கள். கேட்காமல் மனதுக்குள்ளேயே முடிவு செய்து அறுவைக்கு வராமல் நின்றுவிடுபவர்களும் உண்டு. பயாப்சியில் எடுப்பது ஒரு துணுக்கு மட்டும், நோய் என்ன என்று தெரிந்துகொள்ளப் போதுமான அளவு. அதன் மேல் புதிய தோல் மூடிக்கொள்கிறது. அடியில் இருப்பது அடியிலேயே இருக்கிறது. பேசல் செல் புற்று மெதுவாக வளர்வது, வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டால் அது பக்கவாட்டிலும் ஆழத்திலும் அரித்துக்கொண்டு போய் மூக்கின் குருத்தெலும்பு வரைக்கும் போகும். ஸ்குவாமஸ் செல் வகைக்கு நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும் வாய்ப்பும் சேர்ந்துகொள்கிறது.

இந்த "ஒன்றுமே தெரியவில்லை" என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: எந்த இடத்தில் பயாப்சி எடுத்தார்கள் என்று நோயாளிக்கே மறந்துபோவது. வெயிலில் அடிபட்ட தோலில் ஐந்தாறு திட்டுகள் இருந்தால் கைகாட்டுவது தவறிப்போகும். பயாப்சி அன்று எடுத்த புகைப்படம் இருந்தால் கட்டாயம் கொண்டுவாருங்கள். உங்கள் கைபேசியில் யாராவது எடுத்திருந்தாலும் சரி. இனிமேல் பயாப்சி எடுக்கப்போகிறீர்கள் என்றால், காது, கண், மூக்கு என்று ஏதாவது ஓர் அடையாளமும் தெரியும்படி, கொஞ்சம் தள்ளி நின்று ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வெறும் தோலை மட்டும் நெருக்கத்தில் எடுத்த படம் எங்களுக்கு எதையும் சொல்வதில்லை.

வேறென்ன கொண்டுவரவேண்டும்?

நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், அட்டையோடு. பெயரை நினைவிலிருந்து சொல்லவேண்டாம். "காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, இரவில் பாதி மஞ்சள்" என்பதை வைத்து எங்களால் ஒன்றும் செய்யமுடியாது. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரோ உள்ளே பொருத்திய வேறு கருவியோ இருந்தால் அதன் அடையாள அட்டை. கண்ணாடி, காதுக் கருவி. கேள்விகளை எழுதிய ஒரு தாள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். அறுவைக்கு முன் நிறுத்தவேண்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். கூட்டத்தில் நான் குரலை உயர்த்திச் சொல்லும் ஒரே வாக்கியம் இதுதான்.

பல் பிடுங்கும்போதோ வயிற்று அறுவையின்போதோ நிறுத்தச் சொன்னார்கள், ஆகவே இதற்கும் அப்படித்தான் என்று பலர் தாமாகவே நான்கு நாள் முன்பு நிறுத்திவிட்டு வருகிறார்கள். தோல் அறுவையில் ரத்தம் வரும் இடம் கண்ணெதிரே இருக்கிறது. அழுத்தலாம், சுட்டு அடைக்கலாம், தைக்கலாம். மாத்திரையை நிறுத்தியதால் மூளையிலோ இதயக் குழாயிலோ ரத்தம் உறைந்து அடைத்தால் அங்கே யாரும் விரலை வைத்து அழுத்த முடியாது. அப்படிப் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தவர்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். அதனால் இதய நோய்க்கோ, ஸ்டென்ட் வைத்ததற்கோ, பக்கவாதத்துக்கோ மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்றவற்றை பெரும்பாலும் தொடரவே சொல்வார்கள். வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அறுவைக்குச் சில நாள் முன்பு ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். அளவு கூடுதலாக இருந்தால் அறுவைத் தேதி தள்ளிப்போகும்.

எந்த நோயும் இல்லாமல், யாரோ நல்லது என்று சொன்னதால் நீங்களே வாங்கிச் சாப்பிடும் ஆஸ்பிரின் வேறு கதை. அதை மருத்துவரிடம் சொன்னால் பத்து முதல் பதினான்கு நாள் முன்பு நிறுத்தச் சொல்வார். ரத்தத் தட்டணுவின் ஆயுள் ஏழு முதல் பத்து நாள். ஆஸ்பிரின் பட்ட தட்டணு சாகும்வரை வேலைக்கு ஆகாது, புதியவை உருவாகவேண்டும். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, ஜின்கோ போன்ற துணைச்சத்துகளும் ரத்தக் கசிவைக் கூட்டலாம். "இயற்கையானதுதானே" என்று இவற்றைப் பட்டியலில் சேர்க்காமல் விடுகிறார்கள். சேருங்கள்.

மோஸ் அறுவை என்கிறார்களே, அது என்ன? ஏன் ஒரு நாள் முழுவதும் ஒதுக்கச் சொல்கிறார்கள்?

ஃபிரெடெரிக் மோஸ் என்ற அமெரிக்க மருத்துவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1930-களில் உருவாக்கிய முறை. அவர் தொடக்கத்தில் துத்தநாகக் குளோரைடு பசையைத் தோலில் பூசி, திசு இறுகிய பிறகு அடுத்த நாள் வெட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நாள், அதுவும் நல்ல வலியோடு. பிற்பாடு பசை போய், வெட்டிய திசுவை உடனே உறையவைத்துப் பார்க்கும் வழி வந்தது. 1970-களில் அதுவே பரவலானது.

சாதாரண அறுவையில் புற்றைச் சுற்றி சில மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஆய்வகத்தில் அதை ரொட்டி போல நறுக்கி சில துண்டுகளைப் பார்ப்பார்கள். ஓரத்தின் மொத்த நீளத்தில் அப்படிக் கண்ணில் படுவது 1 சதவிகிதத்துக்கும் குறைவு. மோஸ் முறையில் கிண்ணம் போல ஒரு மெல்லிய அடுக்கை எடுத்து, அதன் ஓரம், அடி இரண்டையும் தட்டையாக விரித்து முழுவதும் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். பார்ப்பவரும் வெட்டிய மருத்துவரே. எங்கே மிச்சம் இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும் அடுத்த அடுக்கு. மிச்சமில்லை என்று தெரியும்வரை இது தொடரும்.

வெட்டுவதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆய்வகத்தில் பதப்படுத்திப் பார்க்க ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகும். அந்த நேரம் முழுக்க நீங்கள் கட்டுப் போட்டுக்கொண்டு காத்திருப்பு அறையில் இருப்பீர்கள். பலருக்கு ஒன்று முதல் மூன்று சுற்றுக்குள் முடிந்துவிடுகிறது. எத்தனை சுற்று என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் மேலே தெரிவது சில நேரம் நுனி மட்டும்தான். படிக்க ஏதாவது எடுத்துவாருங்கள். அன்று மாலை எந்தத் திருமணத்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பக்கத்தில் இருப்பவருக்கு மோஸ், எனக்குச் சாதாரண அறுவை. எனக்கு மட்டும் மட்டமான சிகிச்சையா?

குழுவில் உட்கார்ந்தால் ஒப்பிடத் தோன்றும். இது குழுச் சந்திப்பின் ஒரு பக்கவிளைவு என்றே சொல்வேன்.

முதுகில் இருக்கும் சிறிய பேசல் செல் புற்றுக்கு 4 மில்லிமீட்டர் ஓரம் விட்டு வெட்டித் தைத்தாலே போதும். அங்கே தோலுக்குப் பஞ்சமில்லை. மூக்கு, இமை, உதடு, காது போன்ற இடங்களில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பெறுமதியானது, அதனால் மோஸ். ஏற்கெனவே வெட்டியும் திரும்பி வந்த புற்றுக்கும் மோஸ் பொருத்தம். நெதர்லாந்தில் முகத்தில் திரும்பி வந்த பேசல் செல் புற்றுகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், மோஸ் செய்தவற்றில் 3.9 சதவிகிதமும் சாதாரண அறுவை செய்தவற்றில் 13.5 சதவிகிதமும் மீண்டும் வந்தன.

தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கும் மெலனோமா முற்றிலும் வேறு. அதன் தடிமனை மில்லிமீட்டரில் அளந்துதான் எவ்வளவு ஓரம் என்று முடிவு செய்கிறார்கள். 1 மில்லிமீட்டர் வரை என்றால் 1 சென்டிமீட்டர், 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் 2 சென்டிமீட்டர். நிணநீர் முடிச்சுப் பரிசோதனையும் சிலருக்குத் தேவைப்படும். ஆகவே மெலனோமா உள்ளவர்களை இந்தக் குழுவில் சேர்க்காமல் தனியாகப் பார்ப்பதே சரி என்பது என் கருத்து. பேசல் செல்காரர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் அறையில் அவர் தனித்துப்போவார்.

வலிக்குமா?

மரத்துப்போகச் செய்யும் ஊசி வலிக்கும். சில வினாடிகள் எரியும், பிறகு ஒன்றும் தெரியாது. மருந்து அமிலத்தன்மை உடையது என்பதால் அந்த எரிச்சல். சோடியம் பைகார்பனேட் கலந்து மெதுவாகச் செலுத்தினால் குறையும், கேட்டுப்பாருங்கள். ரத்தம் குறைவாக வருவதற்காக மருந்தோடு அட்ரினலின் கலந்திருக்கும். அதனால் சிலருக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். பல் மருத்துவரிடம் இப்படி நேர்ந்ததை "எனக்கு மரத்துப்போகும் ஊசி ஒவ்வாது" என்று எழுதிவைத்திருப்பவர்கள் நிறையப் பேர். உண்மையான ஒவ்வாமை மிக அரிது. அன்று என்ன நடந்தது என்று விரிவாகச் சொல்லுங்கள், பிரித்துப் பார்த்துவிடலாம்.

வெட்டும்போது இழுப்பது, அழுத்துவது தெரியும். வலி தெரிந்தால் சொல்லுங்கள், இன்னும் ஊசி போடுவார்கள். அன்று இரவு வலிக்குப் பெரும்பாலானோருக்குப் பாராசிட்டமாலே போதும்.

பேஸ்மேக்கர் இருக்கிறது. செயற்கை இதய வால்வு இருக்கிறது. பரவாயில்லையா?

பேஸ்மேக்கர் இருந்தால் ரத்தக் குழாயை அடைக்க மின்சாரம் பாய்ச்சும் கருவிக்குப் பதில் சூட்டால் மட்டும் அடைக்கும் கருவியையோ இரட்டை முனைக் கருவியையோ பயன்படுத்துவார்கள். செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு, வாயின் உள்தோல் கிழிபடும் அறுவை என்றாலோ கிருமி தொற்றிய இடம் என்றாலோ முன்கூட்டி ஆன்டிபயாட்டிக் தரப்படலாம். எல்லோருக்கும் அல்ல. இரண்டும் முன்பே தெரிந்தால் சின்ன விஷயங்கள்.

எவ்வளவு பெரிய தழும்பு வரும்?

எல்லோரும் கடைசியில்தான் கேட்கிறார்கள், முதலில் கேட்க நினைத்தது இதுதான்.

வட்டமான குழியை அப்படியே இழுத்துத் தைத்தால் இரு முனையிலும் தோல் கூம்பும். அதைத் தவிர்க்க நீள்வட்டமாக்கித் தைக்கவேண்டும், எனவே தையல் குழியின் விட்டத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம் இருக்கும். இது தெரியாதவர்கள் கட்டைப் பிரித்ததும் அதிர்ந்துபோகிறார்கள். இழுத்துத் தைக்க முடியாத இடத்தில் பக்கத்துத் தோலை ரத்த ஓட்டம் அறுபடாமல் நகர்த்தி மூடுவார்கள், அல்லது காதின் பின்புறம் போன்ற இடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். கண்ணின் உள்மூலை போன்ற குழிவான இடங்களில் தைக்காமல் தானாக ஆறவிடுவதும் உண்டு. சில வாரங்கள் பிடிக்கும், ஆனால் அங்கே அது வியக்கத்தக்க அளவு நன்றாக ஆறுகிறது.

புகைபிடிப்பவர்களிடம் தனியாகப் பேசுவேன். புகை தோலின் நுண்குழாய்களைச் சுருக்குகிறது. நகர்த்தி வைத்த தோலும் ஒட்டிய தோலும் கறுத்து உதிர்ந்துபோவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். முழுவதுமாக விடமுடியாதென்றால் அறுவைக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வாரமாவது நிறுத்துங்கள்.

நான் கறுப்பு. எனக்கு எப்படித் தோல் புற்றுநோய் வந்தது? குழுவில் வேறு யாரும் என்னைப் போல் இல்லையே?

கறுத்த தோலில் அரிது, ஆனால் வராதது அல்ல. அரிது என்பதாலேயே காலம் கடந்து கண்டுபிடிக்கப்படுகிறது. பேசல் செல் புற்று கறுத்த தோலில் பெரும்பாலும் கருமையாகவே தோன்றுவதால் மச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். ஸ்குவாமஸ் செல் புற்று வெயிலே படாத இடத்தில், பழைய தீக்காயத் தழும்பிலோ ஆறாத புண்ணிலோ கிளம்பும். மெலனோமா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களைத் தேர்ந்துகொள்ளும். பாடகர் பாப் மார்லி 1981-இல் 36 வயதில் இறந்தது கால் விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான்.

தடித்துப் பருக்கும் தழும்பு உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால் அதைத் தனியறையில் சொல்லுங்கள். தழும்பு நிறம் மாறுவதையும் கேளுங்கள். மற்றவர்களுக்கு இந்தக் கேள்விகள் எழாது என்பதால் கூட்டத்தில் விடுபட்டுப் போகக்கூடியவை இவை.

யாராவது பயமுறுத்தும் கதை சொன்னால்?

சொல்வார்கள். "என் அண்ணனுக்கு மூக்கே போய்விட்டது" என்று ஒருவர் ஆரம்பித்ததும் அறை அமைதியாகிவிடும். அவரைப் பேசவிட்டு, பிறகு மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்பார்: எத்தனை ஆண்டு கவனிக்காமல் விட்டார், எந்த வகைப் புற்று, எப்போது வெட்டினார்கள்? பெரும்பாலும் பல ஆண்டு தாமதம் என்ற பதில் வரும். அந்த ஒரு பதில் செய்யும் வேலையை எங்கள் கையேடு செய்வதில்லை. ஆனால் ஒருவரே கூட்டத்தைக் கைப்பற்றிக்கொண்டால் அவர் பேச்சை இடைமறிப்பது என் பொறுப்பு. அதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

நான் வாயே திறக்கமாட்டேன். வருவதில் பயன் உண்டா?

உண்டு. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்துவிட்டுப் போகலாம்.

துணைக்கு யாரை அழைத்துவருவது?

அறுவைக்குப் பிறகு கட்டு மாற்றப்போகிறவரை. பின்கழுத்திலோ முதுகிலோ காயம் என்றால் உங்களுக்கு அது எட்டாது. ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றும் மகனைவிட, அமைதியாக உட்கார்ந்து கேட்கும் அண்டை வீட்டுக்காரர் மேல்.

ஒப்புதல் படிவத்தில் கூட்டத்திலேயே கையெழுத்து வாங்குவார்களா?

வாங்கக்கூடாது. பொதுவான ஆபத்துகளைக் கூட்டத்தில் விளக்கலாம்: ரத்தக் கசிவு, கிருமித்தொற்று, தழும்பு, மரத்த உணர்வு, புற்று திரும்பி வருவது. உங்கள் புற்று எங்கே இருக்கிறது, அங்கே எந்த நரம்பு ஓடுகிறது, உங்களுக்கு வேறு என்ன வழிகள் உண்டு என்பவை தனியறைக்குரியவை. நெற்றிப்பொட்டில் புற்று இருந்தால் புருவத்தைத் தூக்கும் நரம்பு மிக மேலாகவே ஓடுகிறது, அது அறுபட்டால் புருவம் தொங்கிவிடும். முதுகில் புற்று உள்ளவருக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. வயது மிக முதிர்ந்தவர், மெதுவாக வளரும் சிறிய புற்று என்றால் கதிர்வீச்சோ களிம்போ சும்மா கவனித்துவருவதோகூடச் சரியான தேர்வாக இருக்கலாம். அறையில் எல்லோரும் அறுவைக்குத் தயாராகிறார்கள் என்பதற்காக நீங்களும் தலையாட்டிவிடாதீர்கள்.

யாருக்கு இந்தச் சந்திப்பு சரிப்படாது?

நினைவாற்றல் குறைந்தவர்கள், கூட்டத்தைக் கண்டாலே மூச்சு முட்டுபவர்கள், காதுக் கருவி வைத்தும் கேட்காதவர்கள், அறையில் பேசும் மொழி புரியாதவர்கள். உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களையும் தனியாகப் பார்ப்பது நல்லது. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளால் அவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் புற்று பல மடங்கு கூடுதலாக வருகிறது, ஒரே நேரத்தில் பல இடங்களில் வருவதும் உண்டு. தனிச் சந்திப்புதான் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. காரணம் சொல்லவேண்டியதில்லை.

அறுவையன்று காலையில் பட்டினி கிடக்கவேண்டுமா?

வேண்டாம். மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரைகளையும் போட்டுக்கொண்டு வாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் பட்டினியோடு வந்து காத்திருப்பு அறையில் மயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள், அடுத்த இரண்டு நாள் முடியாமல் போகலாம். முகப்பூச்சு வேண்டாம். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போட்டுக்கொண்டால் முகத்துக் கட்டின் மேல் இழுபடாது.

வீட்டுக்குப் போன பிறகு ரத்தம் கசிந்தால்?

கட்டில் சிறிய கறை தெரிவது இயல்பு. நனைந்து சொட்டினால், சுத்தமான துணியை வைத்து நிதானமாக, விடாமல் 20 நிமிடம் அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள், பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறைந்தது பெயர்ந்துவிடும். இன்னொரு 20 நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மருத்துவமனை. தையலுக்கு அடியில் திடீரென்று வீங்கி இறுகி வலித்தால் காத்திருக்காமல் அழையுங்கள், உள்ளே ரத்தம் தேங்குகிறது என்று பொருள். முதல் இரண்டு நாள் வலி குறைந்து, பிறகு மறுபடி கூடினாலோ சீழ், காய்ச்சல் வந்தாலோ தொற்றாக இருக்கலாம்.

காயத்தைக் காற்றோட்டமாக விட்டுப் பொருக்குத் தட்டவைப்பது பழைய வழக்கம். வாசலின் தடவி ஈரம் காயாமல் மூடிவைத்தால்தான் சீக்கிரம் ஆறும்.

எப்போது வேலைக்குப் போகலாம்?

உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் ஓரிரு நாளில். பாரம் தூக்குவது, ஓடுவது, நீச்சல் எல்லாம் ஒன்றிரண்டு வாரம் கழித்து. முகத்துத் தையலை ஐந்து முதல் ஏழு நாளிலும் உடம்பு, கை, கால் தையலைப் பத்து முதல் பதினான்கு நாளிலும் பிரிப்பார்கள். தையல் பிரித்ததும் காயம் பழையபடி வலுவாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். அந்த நேரத்தில் அதன் வலிமை இயல்பான தோலில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. முதுகில் தையல் பிரித்த மறுநாள் அலமாரியை நகர்த்தி மீண்டும் எங்களிடம் வந்தவர் ஒருவர் உண்டு.

கூட்டத்தில் கேட்க மறந்ததை எங்கே கேட்பது?

கிளம்பும்போது தரும் தாளின் மேலேயே தொலைபேசி எண் இருக்கும். அறுவைக்கு முந்தைய நாள் மாலை வரை அழைக்கலாம். "மாத்திரையைப் போடுவதா வேண்டாமா" என்பது போன்ற கேள்வி என்றால், அறுவையன்று காலை வரை வைத்திருக்காதீர்கள்.